சான்றிதழுக்குப் பிறகு வகுப்பறை

திருநெல்வேலி மாவட்டத்தின் மானூர், பாப்பாக்குடி ஒன்றியங்களின் உள்ளடங்கிய ஊர்களில் ஈராசிரியர் பள்ளிகள் பல உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்; அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர்களில் ஒருவர் குறுவள மையப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டால், அன்றைக்கு மற்றவர் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். வருகைப் பதிவு, காலை உணவு, சத்துணவு, எமிஸ் எனும் கல்வித் தகவல் தளப் பதிவு எல்லாம் அவர் தலையில்தான். ஆசிரியர் பயிற்சி பெறுகிற நாளில் பிள்ளைகள் பாடத்தை இழக்கிறார்கள் என்பது தொடக்கக் கல்வியில் நெடுங்காலமாகத் தீராத சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு இணையவழிப் பயிற்சி ஒரு நேரடியான விடை. ஆசிரியர் பள்ளியை விட்டு நகர வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், மாலையிலோ விடுமுறையிலோ கைபேசியிலேயே பாடத்தை முடித்துக்கொள்ளலாம். அரசுக்கும் மண்டபம், சாப்பாடு, பயணப்படி என்று செலவு இல்லை. முதல் பார்வைக்கு எல்லாருக்கும் லாபமான ஏற்பாடு. ஆனால் இந்தப் பயிற்சிகள் பெருமளவில் வந்து சில ஆண்டுகள் ஆன பிறகும், அவற்றால் வகுப்பறையில் என்ன மாறியது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு மட்டும் துல்லியமாகக் கிடைக்கிறது.

ஆசிரியருக்குத் தொலைவிலிருந்து பயிற்சி கொடுக்கும் எண்ணம் கைபேசியோடு பிறந்ததல்ல. 1975-76ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்ட ‘சைட்’ சோதனையில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சுமார் 24,000 பேருக்கு ஒரே நேரத்தில் அறிவியல் பயிற்சி தரப்பட்டது. தென்மாவட்ட ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமான அனுபவம் அஞ்சல்வழிக் கல்வி. மதுரைப் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் அதைத் தொடங்கியது முதல், இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, தபாலில் வந்த பாடங்களைப் படித்தே பி.ஏ., எம்.ஏ., எம்.எட். என்று உயர்ந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஏராளம். உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. அதற்காகவும் படித்தார்கள், படிப்பின் மீதுள்ள ஆசையாலும் படித்தார்கள். அந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அதே ஆண்டில் கட்டாய இணையவழிப் பயிற்சிகள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் தானே தேடிப்போய்ப் படித்த காலத்துக்கும் படிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிற காலத்துக்கும் இடையிலான எல்லையாக 2020ஐச் சொல்லலாம்.

அந்தப் பயிற்சிகள் நடக்கும் ‘தீக்ஷா’ தளம் 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடுவால் தொடங்கி வைக்கப்பட்டது. எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய ‘சன்பேர்ட்’ என்ற திறந்த மென்பொருள் அதன் அடித்தளம். தமிழ்நாடு அந்தத் தளத்தை முன்கூட்டியே பயன்படுத்திக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளியும் பயிற்சிக் கேள்வியும் திறந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் அமைந்தன.

ஆசிரியர் பயிற்சியில் பெரிய அலை ‘நிஷ்டா’. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு இதை அறிவித்தபோது, நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் நேரடிப் பயிற்சி தருவதே திட்டம். கொரோனா அதைத் திரைக்குத் தள்ளியது. 2020 அக்டோபர் முதல் தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு 18 மாடியூல்கள் தீக்ஷாவில் வந்தன. அடுத்த ஆண்டில் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு 13, அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் குறித்து 12. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனாலும் திரையில் பயிற்சி என்ற வடிவம் இங்கேயும் நிலைத்துவிட்டது.

50 மணி நேரம் என்பது எவ்வளவு? ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் எட்டு நாள் சொச்சம். ஐந்தாண்டில் 42 நாள். கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்தது, ஐந்தாண்டு பணிக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று மாதப் பயிற்சி. அரை நூற்றாண்டு கடந்து இலக்கு குறைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பணிமேம்பாட்டுக்கு உரிமை உண்டு. அங்கே தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு மையமும் இயங்குகிறது. எட்டயபுரத்து அரசவைப் புலவராக விளங்கிய உமறுப் புலவரின் பெயரே அதற்கு. தமிழாசிரியர் தமிழாசிரியரைச் சந்திப்பதற்கு ஒரு கட்டடமே அங்கே இருக்கிறது.

ஒரு மாடியூல் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்த்தால்தான் சிக்கலின் தன்மை புரியும். ஆசிரியர் தன் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே நுழைகிறார். முதலில் பாடத்தின் நோக்கங்கள், பிறகு அறிமுகக் காணொளி, பிறகு சில பக்கம் வாசிப்பு, நடுவில் ‘சிந்தியுங்கள்’ என்று ஒரு செயல்பாடு, மறுபடி காணொளி. கடைசியில் கொள்குறி வினாக்கள். நிஷ்டாவில் 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ் வரும். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததற்கு ஓர் அடையாளம் விழுகிறது. எல்லாம் விழுந்த பிறகுதான் ‘நிறைவு’. அந்த நிறைவு ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று எல்லா அலுவலகத் திரைகளிலும் விழுக்காடாகத் தெரிகிறது. முடிக்காதவர் பட்டியல் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. “மாடியூல் முடிச்சாச்சா டீச்சர்?” என்பது அந்த நாட்களில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கும் வார்த்தையாகவே இருந்தது. பாடத்தில் என்ன இருந்தது என்று விசாரிக்க நேரம் இல்லை.

அதனால் நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். காணொளியை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, பக்கத்தில் நோட்டுத் திருத்தியவர்கள் உண்டு. மாடியூல் வாரியாக விடைகள் யூடியூபிலும் பி.டி.எஃப். கோப்புகளாகவும் சுற்றின. இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். வருகைப் பதிவிலிருந்து நலத்திட்டப் பொருள்களின் கணக்கு வரை செயலியில் ஏற்றுகிறவர் அவர். எமிஸ் பணியிலிருந்து விடுவியுங்கள் என்பது தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பின் நீண்டநாள் கோரிக்கை. பதிவேற்ற வேண்டிய வேலைகளின் வரிசையில் பயிற்சியும் இன்னொன்றாக வந்து நின்றால், மற்ற பதிவுகளை முடிக்கிற வேகத்தில்தான் அதையும் முடிப்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் தேர்வு, ஒருவர் வாசித்தாரா என்பதையே உறுதி செய்யாது. கற்பிக்கிறாரா என்பது அதற்கு எட்டாத தூரம்.

உலகின் பெரிய இணையவழிப் பாடங்களின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்தநிலைப் பாடங்களை ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருயிபெரெஸ் வாலியென்டேயும் ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு மட்டுமே. விருப்பத்துக்கு விட்டால் நூற்றுக்கு மூன்று பேர். கட்டாயப்படுத்தினால் அநேகமாக எல்லாரும். இரண்டு எண்களும் கற்றலைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்.

கட்டாயத்தின் உச்சத்தை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், பயிற்சிப் பட்டயம் இல்லாமல் பணியில் இருந்த ஆசிரியர்கள் அனைவரும் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்றது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ‘ஸ்வயம்’ தளம் வழியாக 18 மாதப் பட்டயப் படிப்பை நடத்தியது. 13 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். பெரும்பகுதி வட மாநிலத் தனியார் பள்ளி ஆசிரியர்கள். மாலையில் காணொளி, விடுமுறையில் நேரடி வகுப்பு, ஒப்படைப்பு, தேர்வு என்று உழைத்தார்கள். பிறகு, அந்த 18 மாதப் பட்டயம் வழக்கமான இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. சமமல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருத்தம் வந்தபோதே பணியில் இருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்துமா என்பதற்குப் பின்னர் தனியே விளக்கம் தேவைப்பட்டது. அரசு சொன்ன படிப்பை அரசு சொன்ன தளத்தில் முடித்தவர்கள், கையில் சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சான்றிதழை மையமாக வைத்து ஒரு பயிற்சியைக் கட்டினால், அந்தச் சான்றிதழின் மதிப்பு ஆட்டம் காணும் நாளில் ஆசிரியருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் எது பலன் தருகிறது? இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆய்வாளர் மேத்யூ கிராஃப்டும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பைக் கவனித்து, அவரோடு உட்கார்ந்து பேசி, திரும்பவும் வந்து பார்க்கிற முறையால் கற்பித்தல் நன்றாகவே மேம்படுகிறது. பிள்ளைகளின் கற்றலும் ஓரளவு உயர்கிறது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் மெலிகிறது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இதைவிடக் கூர்மையான சான்று தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே ஆங்கிலம் கற்பிப்பதை மேம்படுத்தும் சோதனைக்காகத் தொடக்கப்பள்ளிகளை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வழிகாட்டல் பெற்ற இரு பிரிவு ஆசிரியர்களுக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்பு, ஒரே கற்பித்தல் கருவிகள். ஒரு பிரிவுக்கு வழிகாட்டி நேரில் வகுப்புக்கு வந்தார். இன்னொரு பிரிவுக்குக் கைக்கணினி, தொலைபேசி, குறுஞ்செய்தி வழியாக வழிகாட்டல். மூன்றாண்டுக்குப் பிறகு, நேரில் வழிகாட்டல் கிடைத்த பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். தொலைவிலிருந்து வழிகாட்டியபோது பேச்சில் சிறிய முன்னேற்றம், வாசிப்பில் ஒன்றும் இல்லை. தாய்மொழி வாசிப்பு சற்றே பின்தங்கியதையும் கண்டார்கள். குறைந்த செலவில் அதே பலன் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது ஏமாற்றமான முடிவு.

இணையம் பயன்படவே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையில், வெளியூர் நிபுணர்கள் ஸ்கைப் வழியாகப் பேசியது பெரும்பாலும் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்த ஒருங்கிணைப்பாளரோடு. அவர்தான் வகுப்புக்குள் போய்ப் பார்த்தார், ஆசிரியரோடு பேசினார். அங்கே பாடத்துக்குச் செலவாகும் நேரம் கூடியது, மாணவர் மதிப்பெண்ணும் கூடியது. தொலைவில் இருக்கும் அறிவு பள்ளிக்குள் இருக்கும் ஓர் ஆளின் வழியாக வந்தபோது வேலை செய்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ‘கைட்’ நிறுவனம் நடத்தும் ‘கூல்’ என்ற இணையவழிப் படிப்பிலும், ஆசிரியர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு வழிகாட்டியை நியமிக்கும் முறை இருக்கிறது. ஒப்படைப்பைப் படித்துப் பதில் எழுத ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதும் விதமே மாறிவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிய பாடமல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குப் போய் அந்த வகுப்புகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள். அட்டைகளை ஆசிரியர்களே எழுதினார்கள். 2007இல் அது மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் போனபோது, பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்கள் அதிகமானார்கள். பல பள்ளிகளில் அட்டை மட்டும் மிஞ்சியது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பருவத்துக்கொரு முறை நேரடிப் பயிற்சி உண்டு. மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து ஒன்றியத்துக்கு என்று அது இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திவிடுகிறது என்பதுதான் அதன் குறை. எல்லாரும் ஒரே காணொளியைப் பார்க்கலாம் என்பதால் அந்த ஒரு குறையை இணையவழிப் பயிற்சி உண்மையிலேயே தீர்க்கிறது.

காணொளியால் ஆகாதது எது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் முந்நூற்று ஏழு எழுதச் சொன்னால் 3007 என்று எழுதும். முந்நூறை அது 300 என்று எழுதிப் பழகியிருக்கிறது. அதன் பக்கத்தில் 7ஐப் போடுகிறது. இடமதிப்பு மாடியூலில் குச்சிக் கட்டுகளை வைத்து நூறு, பத்து, ஒன்று என்று அழகாக விளக்குவார்கள். ஆசிரியருக்கும் அது புரியும். ஆனால் தன் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்க, 3007 எழுதிய நான்கு பேரை மட்டும் தனியே அழைத்து எந்தக் கேள்வியில் தொடங்குவது என்பது அவருடைய சிக்கல். பக்கத்துப் பள்ளியில் பதினைந்து வருடமாக அதே தவறைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு டீச்சரிடம் அதற்கு விடை இருக்கும். பத்தின் இடத்தில் வெறும் கட்டம் ஒன்றை வரைந்து, “இங்கே யாரும் இல்லையா?” என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, ஒரு மணி நேரக் காணொளிக்கு மேல் உதவும். குறுவள மையக் கூட்டத்தின் மதிப்பு அதில் ஓடும் பவர்பாயின்டில் இல்லை. இடைவேளையில் நடக்கும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

நெல்லைச் சீமைக்கு இந்தக் கேள்வி இன்னும் ஆழமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பள்ளிக்குள் அந்த மாணவர் பட்ட சாதித் துன்புறுத்தல்தான் அதன் தொடக்கம். தமிழ்நாடே அதிர்ந்தது. பள்ளி, கல்லூரிகளில் சாதி வேறுபாடுகளைக் களைய வழி சொல்லுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை உட்பட அதில் பல பரிந்துரைகள். ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் சமூகப் பிரச்சினைகள், சாதிப் பாகுபாடு, அவை தொடர்பான சட்டங்கள் பற்றிய கட்டாயப் பயிற்சி வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

அந்தப் பயிற்சி எந்த வடிவத்தில் வர வேண்டும்? சட்டப் பிரிவுகளைக் காணொளியில் சொல்லலாம். சொல்லவும் வேண்டும், பல ஆசிரியர்களுக்கு அவை தெரியாது. ஆனால் மணிக்கட்டில் கயிறு கட்டி வரும் பையனிடம் எப்படிப் பேசுவது, கடைசி பெஞ்சில் தொடர்ந்து ஒதுக்கப்படும் பையனை எப்படிக் கவனிப்பது, ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றால் தலைமையாசிரியர் என்ன செய்வது, தன் சக ஆசிரியரே சாதி பார்த்துப் பேசினால் என்ன செய்வது என்பவற்றுக்குக் கொள்குறி வினா கிடையாது. ‘சாதிப் பாகுபாடு காட்டுவது தவறா, சரியா’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் சரியான பொத்தானைத்தான் தொடுவார்கள். அதைத் தொட்டவர்களில் சிலர் மறுநாள் வகுப்பில் அதையே செய்யவும் கூடும். அதை வெளியே கொண்டுவரவும் மாற்றவும் மனிதர்கள் முகம் பார்த்துப் பேசும் அறை வேண்டும். பேச்சை நடத்தத் தெரிந்த, அச்சமில்லாத ஒருவர் வேண்டும். ஒருமுறை பேசிவிட்டுப் போகாமல் ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தையாவது மாடியூலாக்கி ‘நிறைவு’ விழுக்காடு கணக்கிட்டுவிடக் கூடாது என்பதில் இம்மாவட்டம் உறுதியாக நிற்க வேண்டும்.

ஆசிரியப் பயிற்சியில் இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரைக்கு நீண்ட மரபும் உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கத் தொடங்கியபோது, அவற்றுக்கு ஆசிரியர்களை ஆயத்தப்படுத்துவதே அவருடைய பெரும் வேலைகளில் ஒன்றாக இருந்தது. பிறகு அந்த நூற்றாண்டிலேயே பெண்களை ஆசிரியராக்கும் பயிற்சிப் பள்ளி பாளையங்கோட்டையில் வளர்ந்தது. அது தாங்கிய சாரா டக்கர் என்ற பெயர், இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காமல் இங்கிலாந்திலிருந்தே இங்குள்ள பெண்கல்விக்கு உதவிய ஒருவருடையது. பணமும் அக்கறையும் தொலைவிலிருந்து வந்தன. பயிற்சி மட்டும் இங்கே, பிள்ளைகள் இருந்த வகுப்பில் நடந்தது. காது கேளாதோருக்கு ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சனும் பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித்தும் தொடங்கிய பள்ளிகள் நூறாண்டுக்கு மேலாகப் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. மாற்றுத்திறன் பிள்ளைகளை வகுப்பில் சேர்த்துக்கொள்வது பற்றிய மாடியூலைக் கைபேசியில் பார்க்கிற மேலப்பாளையத்து ஆசிரியருக்கு, அந்தப் பள்ளிகளில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்தால் எத்தனை தெளிவு கிடைக்கும்!

இணைய இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமவெளியில் அது பெரிய தடையல்ல. மழைக் கணக்கில் மாநிலத்தின் முதலிடத்துக்கு அடிக்கடி வரும் நாலுமுக்கு, ஊத்து, மாஞ்சோலைப் பகுதியிலும், காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிக் குடியிருப்புகளிலும் நிலைமை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதி, திருவைகுண்டம், ஏரல் வரை, மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாமல் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. தரவிறக்கி வைத்துப் பார்க்கும் வசதி, அச்சிட்ட கையேடு இரண்டும் எந்த இணையவழிப் பயிற்சிக்கும் கூடவே வர வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80,000 பேருக்கு மாநில அரசு கைக்கணினி கொடுத்திருப்பதால் இது கடினமான காரியமும் இல்லை.

ஆசிரியர்கள் இணையத்தில் ஆர்வமாகப் படிக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மையல்ல. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, இருபது, இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியவர்கள் இரவில் யூடியூப் வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். வேலையைக் காக்கும் பதற்றம் அதில் இருக்கிறது. அந்த வயதில் அவர்களை அப்படித் தவிக்க விடுவது நல்ல கல்வி நிர்வாகமாகத் தோன்றவில்லை. இருந்தாலும் அவர்கள் அங்கே எதைப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. கணக்கு, அறிவியல், இலக்கணம், உளவியல் என்று திட்டமான பொருள் உள்ள பாடங்கள். நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடிய விளக்கங்கள். திரை நன்றாகச் செய்யும் வேலை இதுதான். புதிய பாடநூலில் வந்த கடினமான வேதியியல் பகுதி, ஜியோஜீப்ராவில் வடிவம் வரைவது, ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் இணையவழிப் பாடம் நேரடிக் கூட்டத்தைவிடச் சிறந்தது. ஐம்பது பேர் அமர்ந்த மண்டபத்தில் ‘மறுபடி சொல்லுங்க’ என்று கேட்கக் கூச்சப்படுகிறவர் வீட்டில் பத்து முறை ஓட்டிப் பார்ப்பார்.

எனவே பொருளறிவைத் திரையில் கொடுத்துவிட்டு, அதனால் மிச்சமாகும் நாட்களையும் பணத்தையும் வகுப்பறைக்கு வரும் வழிகாட்டலில் போட வேண்டும். அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் உண்டு. பள்ளிகளைப் பார்த்து ஆசிரியர்களுக்குத் துணை நிற்பதற்காகவே உருவான பணியிடம் அது. காலப்போக்கில் அவர்கள் புள்ளிவிவரம் திரட்டுவதிலும் திட்ட அறிக்கைகளிலும் கரைந்துபோனார்கள். அவர்களுடைய சம்பளமும் பயிற்சிச் செலவும் பெரிதும் மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்ட நிதியை நம்பியவை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,150 கோடி ரூபாய்க்கு மேல் மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது முதலில் அடிபட்டவற்றில் இதுவும் ஒன்று. கொள்கைச் சண்டையின் விலையைக் கடைசியில் கட்டுவது மானூர்ப் பக்கத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கல்வியியல் கல்லூரிகளும் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒரே ஓர் ஒன்றியத்தில் ஓராண்டுக்கு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்த ஒன்றியத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களை எல்லாப் பதிவேற்ற வேலையிலிருந்தும் விடுவித்து, ஆளுக்குப் பத்துப் பதினைந்து பள்ளி என்று ஒதுக்கி, மாதம் ஒருமுறை ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லலாம். இணையப் பாடம் அந்தச் சந்திப்புக்கு முன்னோட்டமாக மட்டும் இருக்கட்டும்; தேர்வும் சான்றிதழும் வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஆசிரியர் பயிற்றுநரே அந்த வகுப்பை எடுக்கட்டும். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பக்கத்து ஒன்றியத்தோடு ஒப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். நாங்குநேரி ஒன்றியத்தில் இதைத் தொடங்குவது பொருத்தம். அங்குள்ள ஆசிரியர்கள் வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசுவதற்கும் அந்த மாதாந்தரச் சந்திப்பிலேயே இடம் வைக்க வேண்டும். நீதிபதி சந்துரு கேட்ட ஆண்டுப் பயிற்சி ஒருநாள் கூட்டத்தோடு முடிந்துவிடாமல் இருக்கவும் அது உதவும்.